மாடிப்படி லைட்டும் மூன்று சுவிட்சும்: ஏழு வருட அனுபவம்

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில் இருக்கிற பழைய நீளவாக்கு வீடு. தெருவாசலில் நின்றால் புறவாசல் வரை நேராகத் தெரியும். தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, அதையும் தாண்டிப் புறவாசலில் கக்கூஸ். ராத்திரி எழுந்து போகிறவர் வழிநெடுக லைட்டைப் போட்டுக்கொண்டே போய், அணைத்துக்கொண்டே திரும்ப வேண்டும். யாரும் அணைக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். 2018-ல் வயரிங்கைப் புதுசாகச் செய்தபோது, நடைபாதை லைட்டை மூன்று இடத்திலிருந்து போட்டு அணைக்கிற மாதிரி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

இரண்டு இடம் என்றால் எல்லா எலக்ட்ரீசியனுக்கும் தெரியும். இரண்டு டூவே சுவிட்ச் (வருகிற ஒரு வயரை இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிவிடுகிற சுவிட்ச்), நடுவில் இரண்டு வயர், அவ்வளவுதான். மூன்றாவது இடம் வரும்போதுதான் தலையைச் சொறிவார்கள். இரண்டு முனையிலும் டூவே, நடுவில் இன்டர்மீடியட் என்று ஒரு சுவிட்ச் வேண்டும். டூவேக்குப் பின்னால் மூன்று திருகு, இதற்கு நான்கு. வருகிற இரண்டு வயரையும் நேராக விடும், இல்லாவிட்டால் குறுக்கே மாற்றிவிடும். வேறு வேலை அதற்குக் கிடையாது. நான்காவது இடம் வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு இன்டர்மீடியட் போட்டால் போதும். ரத வீதிக் கடைகளில் கேட்டபோது "அது யாரும் வாங்க மாட்டாங்க அண்ணாச்சி" என்றார்கள். வரவழைத்துத் தர நாலு நாள் ஆனது. வாங்கும்போது ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது பழுதாகிற நாளில் அதே மாடல் கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பட்டாசலில் ஒன்று, ரெண்டாங்கட்டில் ஒன்று, புறவாசல் நிலைக்கு வெளியே ஒன்று. இன்றுவரை குறை சொல்ல முடியாது. முதல் மாதம் மட்டும், அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி பயந்துபோனாள். நீளமாக ஓடுகிற வயர்கள் ஒரே பைப்பில் பேஸோடு (கரண்டு வருகிற வயரோடு) ஒட்டிப் போவதால் துளி கரண்டு தொற்றி வருகிறதாம். வேறு பல்பு மாட்டியதும் நின்றுவிட்டது.

ஆட்டம் காட்டியது மாடிப்படி லைட்டுதான். அது அப்பா காலத்து வயரிங். "நல்லாத்தான எரியுது, எதுக்கு நோண்டுத?" என்று அப்பா சொன்னதால் அதை மட்டும் தொடாமல் விட்டோம். பிறகு மாடி அறைக்கு ஏசி வைக்க மூன்று பேஸ் சர்வீஸ் வாங்கி, மாடிக்கென்று தனியாக ஒரு பேஸ் சேஞ்சர் (மூன்றில் வேண்டிய பேஸுக்குத் திருப்பிக்கொள்கிற சுவிட்ச்) மாட்டினோம். அன்றிலிருந்து படியில் பல்பு நிற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், போடும்போது போகாது. அணைக்கும்போதுதான் 'பட்' என்று போகும். அதுவும் எல்லா நாளும் இல்லை. கடைக்காரர் இரண்டு தடவை வாரண்டியில் மாற்றித் தந்தார். மூன்றாம் தடவை என் முகத்தையே பார்த்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு வயதான எலக்ட்ரீசியன்தான் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் வயரை மிச்சம் பிடிக்க, கீழ் சுவிட்சுக்குக் கீழ்த்தளத்துப் பேஸும் நியூட்ரலும் (கரண்டு திரும்பிப் போகிற வயர்), மேல் சுவிட்சுக்கு மாடிப் பேஸும் நியூட்ரலும் கொடுத்து, இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் பல்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் நியூட்ரல் என்றால் எரியும். இரண்டு பக்கமும் பேஸ் என்றாலும் அணைந்திருக்கும், இரண்டும் நியூட்ரல் என்றாலும் அணைந்திருக்கும். வீடு முழுக்க ஒரே பேஸ் இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. மாடியை வேறு பேஸுக்குத் திருப்பிய நாளில், இரண்டு பக்கமும் வேறு வேறு பேஸாக நிற்கும்போது பல்புக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் ஏறக்குறைய 400 வோல்ட் போயிருக்கிறது. எந்த பல்பு தாங்கும்?

பல்பு போனதுகூடப் பரவாயில்லை. அணைந்திருக்கிற ஹோல்டரில் இரண்டு முனையிலும் கரண்டு இருந்திருக்கிறது, அதில்தான் இத்தனை வருடம் கை வைத்து பல்பு மாற்றியிருக்கிறோம். கீழே எம்சிபியை (போர்டில் இருக்கிற பாதுகாப்பு சுவிட்சை) இறக்கினாலும் மாடிப் பேஸ் வந்துகொண்டிருக்குமே! உங்கள் வீடும் பழசு என்றால் ஒரு ஆளைக் கூப்பிட்டு, பல்பைக் கழற்றி, இரண்டு சுவிட்சையும் நான்கு விதமாகவும் மாற்றிப் போட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். லைட்டு அணைந்திருக்க வேண்டிய நிலையில் ஹோல்டரின் எந்த முனையிலும் டெஸ்டர் எரியக் கூடாது. நீங்களே ஏணி போட்டு ஏற வேண்டாம். எங்களுக்கு அவர் ஒரே பேஸை ஒரு சுவிட்சுக்கு மட்டும் கொடுத்து, நியூட்ரலை நேராக பல்புக்கு இழுத்துவிட்டார். அரை நாள் வேலை.

சுவிட்ச் எந்தக் கம்பெனி என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 6 ஆம்பியர், ஐஎஸ்ஐ முத்திரை, தட்டினால் தெளிவாக விழுகிற சத்தம். லைட்டுக்கு இது போதும். படிக்கு அடியில் இருந்த சுவிட்ச் ஐந்தாம் வருடம் கரகரவென்று சத்தம் போட்டது. அதை மாற்ற வந்த பையன் சாதாரண ஒன்வே சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனான். மேலே சுவிட்ச் ஒரு பக்கமாக இருந்தால் மட்டும் கீழே வேலை செய்தது! வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், பின்னால் திருகை எண்ண வேண்டும். ஒன்வே இடத்தில் டூவேயைப் போடலாம், டூவே இடத்தில் ஒன்வே ஆகாது.

வைஃபை பல்பையும் பார்த்தாயிற்று. மச்சான் ஒன்று வாங்கி வந்து போனில் போட்டுக் காட்டினான். ஆச்சி வழக்கம்போல் சுவரில் தட்டி அணைத்தாள். அதோடு போன் விளையாட்டு முடிந்தது. சுவரில் பதிக்கிற ஸ்மார்ட் சுவிட்சுகளில் பலவற்றுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வேண்டும், எங்கள் பெட்டிகளில் அது கிடையாது. புதுசாக வீடு கட்டுகிறவர்கள் எல்லாப் பெட்டிக்கும் ஒரு நியூட்ரல் வயரை இப்போதே இழுத்துவிடுங்கள்.

நான் செய்த தப்பு இரண்டு. ஆசையில் படுக்கையறை மூன்றுக்கும் டூவே போட்டேன். கட்டில் பக்கத்துச் சுவிட்ச் ஒரு அறையில் பீரோவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இன்னொன்று, புறவாசல் சுவிட்சை நிலைக்கு வெளியே வைத்தது. சாரல் அடித்தால் நனைகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை அடுக்களைப் பக்கம் உள்ளே மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.