ஈரோட்டில் வாங்கிப் போன லண்டன் கார்டு

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு லண்டன் கிளம்பும் எண்ணம் இருக்கிறவர்கள், இங்கே உள்ள டிராவல்ஸ் கடையில் "லண்டன் பஸ், ரயில் கார்டு" என்று எதற்காவது பணம் கட்டப் போவதாக இருந்தால், பத்து நிமிடம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள். நான் நான்கு கார்டுகளுக்கு 26,000 ரூபாய் கட்டியவன்.

சொந்த ஊர் சென்னிமலை. பெட்ஷீட் வியாபாரம். உறையின் மேல் எம்.ஆர்.பி. 1,450 ரூபாய் என்று அச்சடித்து 550-க்குக் கொடுத்தால் வாங்குகிறவர் முகம் எப்படி மலரும் என்பது எனக்கு மனப்பாடம். இருபது வருடமாக அந்த வித்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நானே ஒரு ரசீதில் "மதிப்பு" என்ற சொல்லைக் கண்டு தலையாட்டிவிட்டேன். பணம் போனதைவிட அதுதான் இன்னும் ஆறவில்லை.

2024 மே மாதம் போனோம். நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன். விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஈரோட்டில் ஓர் ஏஜெண்டைப் பிடித்திருந்தோம். அந்த இரண்டு வேலையையும் அவர் ஒழுங்காகவே செய்தார். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த நம்பிக்கையில்தான் மற்றதெல்லாம் நடந்தது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, லண்டன் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், தெரியுமா? கார்டு இல்லாமல் இறங்கினால் குழந்தைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்" என்றார்.

முன்பாதி உண்மை. லண்டன் பஸ்களில் 2014 ஜூலையோடு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பின்பாதிதான் வியாபாரம்.

ஆளுக்கு ஒரு கார்டு, கார்டுக்கு 6,500 ரூபாய். ரசீதில் "லண்டன் விசிட்டர் கார்டு, மதிப்பு 50 பவுண்டு, எண்ணிக்கை 4" என்று இருந்தது. அப்போது ஒரு பவுண்டு சுமார் 105 ரூபாய். 50 பவுண்டுக்கு 5,250, மிச்சம் அவருடைய கூலி, போகட்டும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, "ஆளுக்கு அம்பது பவுனா? அந்த ஊரில் பஸ்ஸுக்கே நகை போட வேண்டுமா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்பது பிறகு புரிந்தது.

விமான நிலையத்திலிருந்து போக காரும் அவரே ஏற்பாடு செய்தார். கார் ஒரு மணி நேரம் தாமதம். சரி, பெட்டி படுக்கையோடு நான்கு பேர், தூக்கக் கலக்கம். காரைக் குறை சொல்ல மாட்டேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தோம். தெருவெல்லாம் தமிழ்ப் பெயர்ப் பலகை, புடவைக் கடை, இட்லிக் கடை. கொஞ்ச தூரத்தில் முருகன் கோயில். சென்னிமலைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் முழுக்கச் சுற்றினோம். ரயில் நிலையத் தடுப்புக் கதவில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது. அதில் கார்டை வைத்தால் கதவு திறக்கும். இறங்கும் இடத்திலும் அதேபோல வைக்க வேண்டும். பையனுக்கு அதுதான் லண்டனிலேயே பெரிய வேடிக்கை. எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்த் தன் கார்டைத் தானே வைப்பான், கதவு திறந்ததும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். நாங்களும் அதைப் படம் எடுத்தோம். அந்த ஒவ்வொரு சிரிப்புக்கும் பெரியவர்கள் கட்டணம் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியாது.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கே கிளம்பி வெஸ்ட்மின்ஸ்டர் போனோம். மாலை திரும்பும்போது மனைவியின் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. என்னுடையதும் அப்படியே. மகள், மகன், எல்லாம் சிவப்பு. பின்னால் வேலை முடிந்து வருகிற கூட்டம் நெருக்குகிறது. யாரும் திட்டவில்லை, ஆனால் நான்கு பேராகக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும்போது யாராவது திட்டினாலே தேவலை என்று இருக்கும். ஊழியர் ஒருவர் ஓரமாக அழைத்துப்போய் டிக்கெட் இயந்திரத்தின் மஞ்சள் வட்டத்தில் கார்டைத் தொட வைத்தார். திரையில் மீதித் தொகை வந்தது: 1 பவுண்டு 30 பென்ஸ். நான்கு கார்டிலும் அதே 1.30.

அப்போதைக்கு ஆளுக்குப் பத்து பவுண்டு ஏற்றிக்கொண்டு ஈஸ்ட் ஹாம் வந்து சேர்ந்தோம். அங்கே நிலையத்தில் பணியில் இருந்த பெண் யாழ்ப்பாணத்தவர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவரே வந்து விசாரித்தார். இயந்திரத்தில் பயண விவரங்களை வரவழைத்துக் காட்டினார். முதல் நாள் எவ்வளவு சுற்றியிருந்தாலும் ஆளுக்கு எடுத்தது 10 பவுண்டுதான், ஏனென்றால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுப்பதில்லை என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். லண்டனை வட்டம் வட்டமாக மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; நாங்கள் போனபோது 1, 2 மண்டலங்களுக்குள் 8.50, மூன்றாம் மண்டலம் வரை 10 பவுண்டு. இரண்டாம் நாள் காலைப் பயணம் 3.70. ஒன்பதரை தாண்டிக் கிளம்பியிருந்தால் 3 பவுண்டுதான். இன்னொரு காபி குடித்திருக்கலாம். ரசீதின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். 10, 3.70, மீதி 1.30. மொத்தம் பதினைந்து. சில்லறைகூட பிசகவில்லை. ஐம்பது என்று வாங்கிய கார்டில் போட்டிருந்தது பதினைந்து.

அதோடு நிற்கவில்லை. பையனுக்கு என்ன வயது என்று அந்த அம்மா கேட்டார். ஒன்பது என்றதும், பிறகு எதற்கு இவனுக்குக் கார்டு என்றார். பதினொரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் டிக்கெட் எடுத்த பெரியவரோடு வந்தால் ரயிலில் இலவசம், ஒரு பெரியவரோடு நான்கு பிள்ளைகள் வரை. பஸ்ஸிலும் இலவசம். ஓரத்தில் இருக்கும் அகலக் கதவு வழியாகக் கூடவே கூட்டிப்போனால் போதும். மகளுக்கு? பதினொன்று முதல் பதினைந்து வயது வரை வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகை இருக்கிறது. பதினான்கு நாள் வரை செல்லும். பிள்ளையையும் கார்டையும் கூட்டிப்போய் நிலைய ஊழியரிடம் கேட்டால் அதே கார்டில் பதிந்து கொடுப்பார்கள். நாங்கள் நின்றிருந்த இடத்திலேயே இரண்டு நிமிடத்தில் பதிந்தார். அதற்குப் பணம் இல்லை.

பையன் முகம்தான் பார்க்க முடியவில்லை. இனிமேல் கார்டை வைக்கக் கூடாதா என்று கேட்டான்.

அன்று இரவே ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். பதில் வந்தது, கூடவே உணவகங்கள், கடைகளின் தள்ளுபடிப் பட்டியல் ஒன்றும் வந்தது. "மதிப்பு" என்றால் கார்டில் இருக்கும் பணம் மட்டும் இல்லையாம், அந்தக் கார்டைக் காட்டினால் கிடைக்கும் சலுகைகளையும் சேர்த்துத்தான் ஐம்பதாம். சலுகைகள் இருப்பது உண்மைதான். ஆனால் டீக்கடையில் இரண்டு ரூபாய் குறைக்கிறார்கள் என்பதற்காக டவுன் பஸ் டிக்கெட்டில் அதைச் சேர்த்து விற்பார்களா? எம்.ஆர்.பி. வித்தை என்று சொன்னேனே, அதுதான் இது.

இப்போது இதைவிட முக்கியமான சங்கதி. பெரியவர்களுக்கு எந்தக் கார்டும் வாங்கியிருக்கவே வேண்டாம். நம்முடைய வங்கி டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் அலை அலையாக நான்கு கோடு போட்ட அடையாளம் இருந்தால், விசாவோ மாஸ்டர்கார்டோ எதுவானாலும், அதையே மஞ்சள் வட்டத்தில் வைத்துப் போகலாம். கட்டணமும் தினசரி உச்சவரம்பும் அதே அளவுதான். அன்றைய பயணங்களை எல்லாம் கூட்டி ஒரே தொகையாக எடுத்துக்கொள்கிறார்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை வாரத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நம் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று கொஞ்சம் பிடிக்கும், என் வங்கி மூன்றரை சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடித்தது. பத்து பவுண்டுக்கு அது நாற்பது ரூபாய்ச் சொச்சம். கார்டுக்கு 6,500 எங்கே, இது எங்கே.

ஆனால் நான்கு விஷயங்களில் நாங்கள் இடித்துக்கொண்டோம். நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்துதல் இரண்டும் அடைத்தே இருக்கலாம். வங்கிச் செயலியில் நாமே திறக்க வேண்டும். இதை இங்கேயே செய்துவிட்டுப் போங்கள். லண்டனில் உட்கார்ந்து ஓ.டி.பி.க்காகக் காத்திருந்த ஒரு மணி நேரத்தை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. இரண்டாவது, ஒரே கார்டை இருவருக்குத் தட்ட முடியாது; ஆளுக்கு ஒன்று வேண்டும். மூன்றாவது, காலையில் கார்டைத் தட்டிவிட்டு மாலையில் செல்போனைத் தட்டினால் அது வேறு ஆள் கணக்கு. போனுக்குள் இருப்பது அதே வங்கிக் கார்டுதான் என்றாலும் உச்சவரம்பு சேராது.

நான்காவது கிரீன்விச்சில் நடந்தது. பூமியின் தீர்க்கரேகை தொடங்கும் கோட்டில் ஒரு கால் இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம். அங்கே போகிற டி.எல்.ஆர். ரயிலின் பல நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது. ஒரு கம்பத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கும். நம் மினி பஸ்ஸில் இறங்குகிற மாதிரி மனைவி இறங்கி நடந்துவிட்டாள். வெளியேறும் இடத்தில் தட்டாவிட்டால் அதிகபட்சக் கட்டணத்தைப் போட்டுவிடுகிறார்கள். பஸ்ஸில் மட்டும் ஏறும்போது தட்டினால் போதும், இறங்கும்போது வேண்டியதில்லை.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கடைசி இரண்டு நாள் ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸிலேயே சுற்றினோம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 1.75 பவுண்டு. முதல் தடவை தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மறுபடி எடுப்பதில்லை. ஈஸ்ட் ஹாமில் 115 ஏறி ஆல்ட்கேட்டில் இறங்கி, 15 பிடித்து மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்தால், லண்டன் டவர், செயின்ட் பால் தேவாலயம், டிரஃபால்கர் சதுக்கம் என்று எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் வந்து போகும். திறந்த மாடி சுற்றுலா பஸ்ஸுக்கு ஏஜெண்ட் சொன்ன விலையை இங்கே எழுதினால் எனக்குத்தான் வெட்கம். நல்ல வேளை, அதை மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். பஸ்ஸில் மட்டும் போனால் நாள் முழுவதற்கும் 5.25-க்கு மேல் போகாது. பையனுக்கு இலவசம் என்றாலும் டிரைவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஏறினான்.

கிளம்பும் நாளில் ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, ஹாமர்ஸ்மித்தில் எதிர் நடைமேடைக்கு மாறி, பிக்காடிலி லைனில் ஹீத்ரோ போனோம். பெரியவர்களுக்கு 5.60 பவுண்டு. எலிசபெத் லைனில் ஏறினால் வேகம். நகர மையத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடையே அப்போது 12.80. ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்று ஒன்று இருக்கிறது, பேடிங்டனிலிருந்து பதினைந்து நிமிடம், 25 பவுண்டு. நேரம் இருக்கிறவர்களுக்கு மெதுவான ரயில் போதும். விலைகளை எல்லாம் நாங்கள் போன காலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது ஏற்றுகிறார்கள்.

ஊர் திரும்பி ரசீதோடு ஏஜெண்ட் கடைக்குப் போனேன். காபி வந்தது. அடுத்த முறை காசிப் பயணத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். காபியைக் குடித்துவிட்டு வெளியே வந்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். ரசீதில் "மதிப்பு 50 பவுண்டு" என்று எழுதியிருந்ததும், இயந்திரத் திரையை நான் படம் எடுத்து வைத்திருந்ததும்தான் கைகொடுத்தன. மூன்று வாரம் கழித்து 11,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. மன்னிப்போ விளக்கமோ வரவில்லை. பையன் பேருக்கு விற்ற 6,500 ரூபாயை முழுதாகத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதை அவர் ஏற்கவில்லை.

இப்போது சகலை குடும்பம் கிளம்புகிறது. கார்டில் மீந்த பணம் காலாவதி ஆவதில்லை என்பதால் எங்கள் கார்டுகளைக் கேட்டார்கள், மூன்றைக் கொடுத்துவிட்டேன். நான்காவதைத் தர மகன் மறுத்துவிட்டான், ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறான். அவர்கள் வீட்டுச் சின்னவனுக்கு எட்டு வயது. அவனுக்குக் கார்டே வேண்டாம், அகலக் கதவில் கூட்டிப் போங்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.