வீட்டுத்தோட்ட ஸ்டார்ட்டர் கிட் வாங்கப் போறீங்களா, இத படிச்சிட்டு அப்புறம் பணம் அனுப்புங்க

கோவம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், கோர்வையா இல்லைன்னா பொறுத்துக்கோங்க. புதுசா செடி வைக்கறவங்களுக்குன்னே ஆன்லைன்ல விக்கற ஸ்டார்ட்டர் கிட் ஒண்ணு வாங்கி 8,500 போச்சு. எட்டாயிரத்து ஐநூறு. பேர் போட்டா பதிவையே தூக்க வெச்சிடுவாங்க அதனால போடல, செடி வளர்க்க சொல்லித்தர்ற மாதிரி வீடியோ போட்டு கடைசில "கிட் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க"ன்னு முடிப்பாங்களே, அந்த ரகம். என்னென்ன பாத்து வாங்கணும்னு கடைசில விவரமா சொல்றேன், முதல்ல நடந்தத கேளுங்க.

மெசேஜ் பண்ணதும் அந்த பையன் உடனே விலை சொல்லல. "அக்கா முதல்ல உங்க மாடிய பாக்கணும்"னு வீடியோ கால்ல வந்தான். வெயில் எந்த பக்கம் விழுது, எத்தன மணி நேரம் நிக்குது, தண்ணி வடியறதுக்கு வழி இருக்கான்னு ஒவ்வொண்ணா கேட்டான். தக்காளி மிளகாய்க்கெல்லாம் குறைஞ்சது 6 மணி நேரம் நேரடி வெயில் வேணும் அக்கா உங்களுக்கு அது தாராளமா இருக்கு, கீரைய கொஞ்சம் நிழல் பக்கம் தள்ளி வெச்சுக்கலாம், பை அடில ஓட்டை இல்லன்னா வேர் அழுகிடும்னு அழகா சொன்னான். சொன்னது அத்தனையும் சரியான விஷயம். அதான் எனக்கு இப்பவும் வயிறெரியுது, உண்மைய சொல்லியே நம்ப வெச்சிருக்கான். ஆரம்பிக்கறவங்க வீணாக்கிடுவோமோன்னு பயப்படுவாங்கன்னு அவங்களுக்கு நல்லா தெரியும், அந்த பயத்துக்கு ஒரு வாய்ஸ் நோட்: "முளைக்கலன்னா நான் இருக்கேன்ல அக்கா, வேற விதை அனுப்பி வெக்கறேன், நீங்க கவலையே படாதீங்க." அந்த ஒரு வார்த்தைக்கு தான் 8,500 அனுப்பினேன்.

வந்த பெட்டில குரோ பேக் (செடி வெக்கற பை), கோகோபீட் கட்டி (தேங்காய் நார்த்தூள அமுக்கினது), மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, விதை பாக்கெட்டுங்க, ஒரு எலுமிச்சை "ஒட்டு" கன்னு. அவன் அனுப்பின வீடியோல இருந்தபடியே கலந்தேன், அவன் சொன்ன ஆழத்துலயே ஊணினேன், கொத்தமல்லிய ரெண்டா உடைச்சு தான் போட்டேன். தக்காளி, வெண்டை எல்லாம் மண்ணு சூடு சரியா இருந்தா 5லேந்து 10 நாளைக்குள்ள எட்டி பாத்துடணும். ஒண்ணும் வரல. மிளகாய் மட்டும் ரெண்டு மூணு வந்துச்சு, அதுவும் இலை ஓரம் கருகி அப்படியே சுருண்டுருச்சு.

அங்கேந்து ஆரம்பிச்சது. முதல்ல "தண்ணி அதிகமா ஊத்திருப்பீங்க அக்கா". சரின்னு குறைச்சேன். அப்புறம் "தண்ணி பத்தல போல". அப்புறம் "வெயில் பத்தல" - வெயில் தாராளமா இருக்குன்னு சொன்னதே அவன் தான்! வேற விதை அனுப்பறேன்னியேன்னு கேட்டா, அது வேற டீம் பாக்கறாங்கன்னு ஒரு நம்பர் குடுத்தான், அந்த நம்பர்ல ஒரு அம்மா, முழுசா கேக்க கூட இல்ல, "சில பேருக்கு கைராசி இருக்காதுங்க, பழக பழக வரும்"னு சொல்லி வெச்சிட்டாங்க. கைராசியாம்! அத கேட்டு ஒரு ராத்திரி முழுக்க நமக்கு தான் ஒண்ணும் வராது போலன்னு நானே நினைச்சிட்டு படுத்திருந்தேன் பாருங்க, பணத்த விட அது தான் எனக்கு ஆறவே இல்ல.

மறுநாள் மிச்சம் இருந்த தக்காளி விதைல 10 எடுத்து ஈரமான டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு டப்பால மூடி வெச்சேன், பக்கத்து வீட்டு அக்கா குடுத்த விதைலயும் 10 எடுத்து அதே மாதிரி பக்கத்துலயே வெச்சேன். அவங்க விதைல 8 வெள்ள வேர் விட்டுச்சு. கிட்ல வந்ததுல ஒண்ணு கூட இல்ல, ஊறி கொழகொழன்னு ஆயிடுச்சு. அதே கை, அதே தண்ணி, அதே டப்பா.

உடனே பாக்கெட்ட எடுத்து வெளிச்சத்துல பாத்தேன். தேதி இருக்கற இடத்துல ஸ்டிக்கர் கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு. நகத்தால ஓரத்த நெம்பி மெதுவா உரிச்சா கீழ இன்னொரு ஸ்டிக்கர், அதுல காலாவதி தேதி முடிஞ்சே பல வருஷம் ஆயிருக்கு. எல்லா பாக்கெட்டும் அதே கதை. வெங்காய விதையெல்லாம் ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு சரிய ஆரம்பிச்சிடும், அத பல வருஷம் கழிச்சு மேல பேப்பர் ஒட்டி விக்கறாங்கன்னா என்ன மனுஷங்க இவங்க.

அதோட விடல நான். மண்புழு உரத்த ஒரு பிடி கண்ணாடி டம்ளர்ல போட்டு கலக்கி வெச்சேன், தெளிஞ்சதும் பாதிக்கு மேல அடில மணல். கோகோபீட் ஊறின தண்ணிய நாக்கு நுனில வெச்சு பாத்தேன், உப்பு கரிக்குது, "நல்லா கழுவினது"ன்னு கவர்ல போட்டிருக்கு. மிளகாய் இலை ஏன் ஓரம் கருகிச்சுன்னு அப்ப தான் புரிஞ்சது. எலுமிச்சைல ஒட்டு கட்டின தழும்பே இல்ல, தண்டு அடிலேந்து நுனி வரைக்கும் ஒரே வழவழப்பு, விதை போட்டு வந்த கன்னு, அது காய்க்க எத்தன வருஷமோ.

எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி 8,500 திருப்பி குடுங்கன்னு கேட்டேன். உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். பாதி உரம் மணலா இருக்கே மணலுக்கு உயிர் இருக்கான்னு கேட்டேன், பாத்தான், ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. பேஜ்ல கமென்ட் போட்டேன், அழிச்சிட்டாங்க, திரும்ப போட்டேன், பிளாக். பில் கேட்டப்போ "பெட்டிக்குள்ள வரும் அக்கா"ன்னான், பெட்டில நன்றி சொல்லி ஒரு கார்டு தான் இருந்துச்சு. பணம் போன ஆப்ல புகார் குடுத்திருக்கேன், பாப்போம்.

விவரமா சொல்றேன்னு சொன்னேன், இப்ப எழுத எழுத கை நடுங்குது, சுருக்கமா சொல்லிடறேன். கிட்டா வாங்கவே வாங்காதீங்க, ரெண்டு பை, ரெண்டு வகை விதைன்னு தனித்தனியா ஆரம்பிங்க. பாக்கெட்ல லாட் நம்பர் (எந்த தொகுதி விதைன்னு காட்டற எண்), முளைப்பு சதவீதம், சோதிச்ச தேதி இல்லன்னா தொடாதீங்க. ஊணறதுக்கு முன்னாடி டிஷ்யூல 10 விதை போட்டு பாத்துடுங்க. கோகோபீட்ட ரெண்டு மூணு தண்ணில அலசாம செடி வெக்காதீங்க. பில் கைக்கு வராம பணம் அனுப்பாதீங்க. அவ்வளவு தான் இப்ப தோணுது.

இதே மாதிரி கிட் வாங்கி ஒண்ணும் முளைக்காம உக்காந்திருக்கவங்க யாராவது இருந்தா காலி பாக்கெட்ட குப்பைல போட்றாதீங்க, ஸ்டிக்கர உரிச்சு பாத்து போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, புகார் குடுக்க நம்ம கைல இருக்கறது அது ஒண்ணு தான்.