தண்ணீர்க் கிண்ணத்தில் பாக்

ஃப்யூஷன் கச்சேரி என்றாலே எனக்கு ஒவ்வாது. கீபோர்டுக்காரரும் கடக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாறி மாறி வாசிப்பார்கள், கடைசியில் ஒரு கோர்வை, கைதட்டல். சிங்கப்பூரில் இதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. போன சனிக்கிழமை மேற்கத்திய, சீன வாத்தியங்கள் சேர்ந்த ஒரு கச்சேரிக்குத் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனதால்தான் போனேன். டிக்கெட் 35 வெள்ளி.

முதலில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி 1893-இல் எழுதிய ஸ்ட்ரிங் குவார்டெட், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கான இசை. 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழுவான கேமலானின் இசையைக் கேட்டுச் சொக்கிப்போனவர் அவர். இரண்டாம் பகுதியில் வயோலா ஒரு சின்னத் துண்டை வில்லால் விடாமல் சுற்ற, மற்றவர்கள் தந்தியை விரலால் சுண்டினார்கள். சுத்தமான வாசிப்பு, அவ்வளவுதான்.

இடைவேளைக்குப் பிறகு சீன இசையமைப்பாளர் டான் டுன்னின் 'கோஸ்ட் ஆப்ரா'. குவார்டெட்டோடு பீப்பா என்ற சீனத் தந்தி வாத்தியம் ஒன்று, கூடவே தண்ணீர்க் கிண்ணங்கள், கல், காகிதம். ஹூனான் கிராமத்தில் ஆவிகளோடு பேசும் சடங்குகளைப் பார்த்து வளர்ந்தவர், 1994-இல் எழுதியது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் சி ஷார்ப் மைனர் பிரலூட் என்ற சின்ன உருப்படி ஒரு பக்கம் போகிறது. அதன் நடுவே கிண்ணத்தில் கை அளைகிற சத்தம். அம்மாவை இழந்து சிற்றன்னையிடம் அவதிப்படும் சிறுமியின் சீன நாட்டுப்பாட்டை பீப்பாக்காரி பாடுகிறாள். பாக்கும் வழிவிடவில்லை, சிறுமியும் விடவில்லை. எனக்கு அப்பத்தா ஊர் ஒப்பாரிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் செத்தவரிடம் நேராகத்தானே பேசுவார்கள்?

நான் மூன்றாவது வரிசை. பீப்பா வாசிக்க வலது கை விரல்களில் பொய் நகத்தை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். நடுவில் ஒன்று கழன்றது. அவள் அதை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு, அடுத்த சுரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தாள். இடது கை தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பது அப்படியே நம் வீணை. ஆனால் நாம் கமகத்தில் அடுத்த சுரத்தைப் போய்த் தொட்டுவிடுவோம், இங்கே பாதி வழியில் கைவிட்டுவிடுகிறார்கள். ஒன்பது வருஷம் வயலின் படித்த காது, ராகம் தேடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டது.

குறை இல்லாமல் இல்லை. செல்லோக்காரருக்குக் கத்த வரவில்லை. வாசிப்பவர்களே கத்த வேண்டிய இடத்தில் வகுப்பில் வருகைப்பதிவுக்குப் பதில் சொல்வது போல ஒரு குரல். நடுவில் பேச வேண்டிய ஷேக்ஸ்பியர் வரி காதிலேயே விழவில்லை. தண்ணீர் சொட்டும் இடத்தில் அரங்கத்து ஏசி இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. நிகழ்ச்சிக் குறிப்பை கியூஆர் கோடில் வைத்துவிட்டதால், இருட்டில் ஆளுக்கொரு போன் வெளிச்சம் வேறு.

ஆனாலும் 35 வெள்ளி வீண் இல்லை. போகிறவர்கள் முன் ஐந்து வரிசைக்குள் இடம் பிடியுங்கள். பின்னால் உட்கார்ந்த தோழிக்குக் கல் உரசும் சத்தமே கேட்கவில்லையாம். ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள்.