மாக்கல் கணப்படுப்பு: பின்லாந்தில் வீடு வாங்குவோருக்கு

பின்லாந்தில் தனிவீடு பார்க்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது இது: "கூடத்தில் பெரிய கல் அடுப்பு ஒன்று நிற்கிறதே, அதைப் பயன்படுத்துவதா, அழகுக்கு விட்டுவிடுவதா?" பயன்படுத்துங்கள். குளிர்காலத்தில் அந்த வீட்டில் இதைவிட நம்பகமான பொருள் வேறொன்று கிடையாது. ஆனால் அதற்கென்று சில கண்டிப்புகள் உண்டு. அவற்றுக்கு உடன்பட்டால்தான் அது உழைக்கும்.

தம்பெரே நகரில் எங்கள் வீட்டுக் கணப்படுப்பு ஏறத்தாழ ஒன்றரை டன் எடை. முழுவதும் மாக்கல். நம் ஊரில் கல்சட்டி செய்கிறார்களே, அதே கல். இறக்கி வைத்த பிறகும் கல்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தக் குணம்தான் இங்கே ஒரு வீட்டையே காக்கிறது. கிழக்குப் பின்லாந்தின் யூகா பகுதியில் இந்தக் கல்லை வெட்டியெடுக்கிறார்கள். துலிகிவி என்ற நிறுவனம் அங்கிருந்து பல நாடுகளுக்குக் கணப்படுப்புகளை அனுப்புகிறது.

திறந்த கணப்பில் தீ இருக்கும்வரைதான் சூடு. அதிலும் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். இது அப்படியல்ல. தீ எரிவது ஒன்றரை, இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் ஜுவாலை மேலறைக்கு ஏறி, எரியாமல் மிஞ்சிய வாயுக்களும் அங்கே எரிந்து, பிறகு பக்கச் சுவர்களுக்குள் இருக்கும் வழிகளில் கீழிறங்கி, அடிப்பக்கமாகத்தான் புகைபோக்கிக்குப் போகிறது. போகும் வழியெல்லாம் கல் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மாலை ஆறு மணிக்குப் பற்ற வைத்தால் கல் நன்றாகச் சுடுவது இரவு பத்து மணிக்கு மேல். மறுநாள் காலையில் குழந்தைகளின் கையுறைகளை அதன்மேல் வைத்துச் சூடாக எடுத்துக்கொடுக்கிறோம்.

ஆகவே தணித்து, காற்றை அடைத்து, விறகை இரவு முழுவதும் புகையவிடும் பழக்கம் இந்த அடுப்புக்கு ஆகவே ஆகாது. புகைய விட்டால் புகைபோக்கியில் தார் படியும். பிறகு ஒருநாள் அது தீப்பிடிக்கும். நிறையக் காற்றுக் கொடுத்து, வேகமாகவும் சுத்தமாகவும் எரிய விட வேண்டும். தடித்த கட்டைகளைக் கீழே அடுக்கி, மேலே சிராய்களையும் ஒரு துண்டு பிர்ச் மரப்பட்டையையும் வைத்து, உச்சியில் பற்ற வையுங்கள். தீ மேலிருந்து கீழே இறங்கும்; புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது நல்லது.

பற்ற வைக்கும் நேரத்தில் சமையலறை உறிஞ்சு விசிறி ஓடக் கூடாது. இங்குள்ள வீடுகள் காற்றுப் புகாமல் கட்டப்பட்டவை. விசிறி வெளியே இழுக்கும் காற்றுக்கு ஈடாகப் புகைபோக்கி வழியே காற்று உள்ளே இறங்கும், கூடவே புகையும் கூடத்துக்குள் வரும். தாளிப்பு அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

விறகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுப்பின் தரத்தில் பாதி விறகில்தான் இருக்கிறது. பிர்ச் தான் சிறந்தது. ஒரு கிலோ காய்ந்த பிர்ச்சில் ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உண்டு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒருமுறை வியாபாரி ஒருவர் நன்றாகக் காய்ந்தது என்று சொல்லி ஒரு சுமையை இறக்கிவிட்டுப் போனார். மேற்புறம் பார்க்க வெளிறி, வெடித்து, காய்ந்தது போலத்தான் இருந்தது. ஒரு கட்டையைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஈரமானியைக் குத்தினேன்: 28. அடுப்பில் இட்டபோது கட்டையின் முனைகளில் நுரை பொங்கிச் சீறியது. கதவுக் கண்ணாடி கறுத்தது. அந்தச் சுமை முழுவதையும் கூரைக்கடியில் மறு கோடைவரை காயப்போட்டேன். இப்போதெல்லாம் வண்டியிலிருந்து இறக்கும் முன்பே இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் கேட்கிறேன். காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மொத்தென்று அடங்கிவிடும்.

விலை கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். அடுக்கிய கன மீட்டரா, கொட்டிய கன மீட்டரா? அடுக்கிய ஒரு கன மீட்டர் விறகு, கொட்டிய கணக்கில் ஒன்றரைக்கும் அதிகமாக வரும். விலை குறைவு என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது தகடு. புகைபோக்கியின் வாயை அடைக்கும் இரும்புத் தகட்டை எப்போது மூடுவது என்பதுதான் இந்த அடுப்பை ஆள்பவரின் கைத்திறன். தாமதித்தால் கல்லில் சேர்ந்த சூடு மேலே போய்விடும். அவசரப்பட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும், அது உயிரைக் கொல்லும். நான் கம்பியால் தணலைக் கிளறிப் பரப்பிவிட்டு, விளக்கை அணைத்துப் பார்ப்பேன். கங்குகளின் மேல் நீலச் சுடர் ஒன்று மெல்ல ஓடினாலும் மூடுவதில்லை. நீலம் அறவே மறைந்து, கங்கு கறுத்த பிறகே தகட்டைத் தள்ளுகிறேன். தகடு முழுவதும் அடைபடாதபடி அதில் சிறு இடைவெளி இருக்கிறது. இருந்தாலும் கூடத்தில் எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டியிருக்கிறோம். மாட்டாமல் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

2024 ஜனவரி 5 அன்று பின்லாந்தில் கடும் குளிரோடு மின்கட்டணமும் எகிறியது. மாலையில் சந்தை விலை வரியோடு சேர்த்து யூனிட்டுக்கு 2 யூரோவைத் தாண்டியது. மணிக்கு மணி விலை மாறும் ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் வெப்பக் கருவிகளை நிறுத்திவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் காலையில் ஒரு சுமை, மாலையில் ஒரு சுமை, ஒவ்வொன்றும் 12 கிலோ. அதற்குமேல் கல்லை வதைக்கக் கூடாது. கையேட்டில் சொன்ன அளவை மீறி எரித்தால் கல் விரிசல் விடும். இலையுதிர் காலத்தின் முதல் தீயும் சிறியதாகவே இருக்க வேண்டும். கோடையில் உறிஞ்சிய ஈரம் மெதுவாகத்தான் வெளியேறும்.

பராமரிப்பு எளிது. கண்ணாடிக் கரியை ஈரச் செய்தித்தாளில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், விலை கொடுத்து வாங்கும் திரவம் எதுவும் தேவையில்லை. சாம்பலை மட்டும் மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே பல நாள் வைத்திருங்கள். உள்ளே புதைந்த கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும். ஆறிய சாம்பல் தோட்டத்துக்கு நல்ல உரம். அமில மண்ணை விரும்பும் புளூபெர்ரிச் செடிகளுக்கு மட்டும் போடாதீர்கள்.

குறை என்றால் வேகமின்மை. வெளியூரிலிருந்து சில்லிட்ட வீட்டுக்குத் திரும்பும் இரவில் இது உடனே உதவாது. கல் சூடேறச் சில மணி நேரம் பிடிக்கும். வார இறுதிக்கு மட்டும் போகும் கோடைக் குடிலுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன், அங்கே இலேசான இரும்பு அடுப்பு போதும். புதிதாக வைப்பதென்றால் பல ஆயிரம் யூரோ ஆகும். இந்த எடையைத் தாங்கும் அடித்தளமும் வேண்டும்.

பழைய வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரிடம் புகைபோக்கி சுத்தம் செய்த சான்றிதழைக் கேளுங்கள். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை, தகுதி பெற்ற தொழிலாளியைக் கொண்டு சுத்தம் செய்வது இங்கே சட்டக் கடமை. 2019 முதல் அந்தத் தொழிலாளியை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கலாம். சான்றிதழ் இல்லையென்றால், விலை பேசுவதற்கு முன்பே ஒருவரை வரவழைத்துத் தீயறையையும் வழிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.