கியூஜிஐஎஸ்ஸில் ஆறு ஆண்டுகள்: அக்கரைக் குடியிருப்பு கற்றுக்கொடுத்தது

எந்தப் பகுதி மக்களுக்கு மருத்துவம் எட்டவில்லை என்பதை வரைபடத்தில் பார்க்க ஆறு ஆண்டுகளாகக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். 2002இல் தொடங்கப்பட்ட திறமூல மென்பொருள், காசு கிடையாது. கையில் பணமில்லாத சிறு குழுவுக்கு இதைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை.

முதல் ஆண்டில் சுகாதார நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த குடியிருப்புகளுக்கெல்லாம் மருத்துவம் எட்டுகிறது என்று பச்சை நிறம் கொடுத்தேன். அவற்றில் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. திரையில் 3 கிலோமீட்டர். பாலம் சுற்றிப் போனால் 14. அங்கிருந்து கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராததற்கு 'விழிப்புணர்வு இல்லை' என்று காரணம் எழுதியிருந்தோம். அந்தப் பச்சை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைத் தரவை ஏற்றி, பாதை வழியாகத் தூரத்தைக் கணக்கிட்டதும் அது சிவப்பாயிற்று.

1854இல் லண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவை ஆராய்ந்த மருத்துவர் ஜான் ஸ்னோவும் பின்னர் வெளியிட்ட வரைபடத்தில் அடிகுழாய்களுக்கான தூரத்தைத் தெரு வழியாகவே அளந்தார். இதை முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் சிறிய எண்கள். 400 பேர் வாழும் இடத்தில் ஓர் இறப்பு என்றால் ஆயிரத்துக்கு 2.5, இரண்டு என்றால் 5. ஒரே ஆண்டில் வெளிர் நிறம் கருஞ்சிவப்பாகிவிடும், உண்மையில் எதுவும் மாறியிருக்காது. இப்போது மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் நிறம் கொடுக்கிறேன். ஜியோடா என்ற இன்னொரு இலவச மென்பொருளில் பேயீசிய முறையில், அதாவது சிறிய இடங்களின் விகிதத்தைச் சராசரியை நோக்கி இழுக்கும் புள்ளியியல் முறையில், விகிதங்களைச் சீராக்கியும் பார்க்கிறேன்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: தரவை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் சேமிக்காதீர்கள். அதில் அட்டவணை நெடுவரிசையின் தலைப்பு 10 பைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'கு' ஒன்றே 6 பைட். 'குழந்தை எடை', 'குழந்தை இறப்பு' இரண்டுமே 'குழ'வோடு வெட்டுப்பட்டுப் போயின. ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவில் இந்தத் தொல்லை இல்லை.

நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியாக வைத்து வரைபடத்தை வெளியிடவே கூடாது. ஊரார் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இப்போதெல்லாம் வரைபடத்தை முடிப்பதற்கு முன் பெரிய தாளில் அச்சிட்டு, களப்பணியாளர்கள் முன் விரிக்கிறேன். சென்ற முறை ஒரு செவிலியர் பேனாவை வாங்கி நான் சாலை என்று காட்டிய கோட்டை அடித்தார். "மழைக்காலத்தில் இதில் நடக்க முடியாது" என்றார். மழைக்காலத்துக்கென்று தனி வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.