மேட்டுப்பாளையம் – கோவை: ஒன்பது ஆண்டு சீசன் டிக்கெட்

2016 ஆனி மாதத்தில் மேட்டுப்பாளையத்துக்குக் குடி வந்தோம். வடகோவை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களுக்குப் பிழை திருத்துகிறேன். அன்று முதல் இன்று வரை, ஊரடங்குக் காலம் நீங்கலாக, போக வர இந்தப் பாதையில்தான் பயணம். மலையடிவாரம், பவானி ஆறு, பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம் என்று ஆசைப்பட்டு இங்கே வீடு பார்க்க நினைக்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரிலிருந்து நகரத்துக்குப் போவது எளிது. வீடு திரும்புவதுதான் கேள்வி. காலையில் ரயில் தவறினால் பஸ் இருக்கிறது, போய்ச் சேர்ந்துவிடலாம். மாலையில் உங்கள் வேலை முடியும் நேரமும் ரயில் புறப்படும் நேரமும் ஒத்துப்போகின்றனவா என்பதை வைத்துத்தான் இங்கே குடியிருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். மலை தெரியும் ஜன்னலை வைத்து முடிவு செய்தால் ஆறே மாதத்தில் கோவைக்குத் திரும்பிவிடுவீர்கள். அப்படித் திரும்பிய மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ரயில் பாதை ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கோவை சந்திப்பு வரை முக்கால் மணி நேரம், வடகோவையில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் குறைவு. பீளமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அச்சகம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஆன நேரமும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் அது கம்பியைப் பிடித்து நின்ற நேரம். இது உட்கார்ந்து போகும் நேரம். மேட்டுப்பாளையத்திலேயே வண்டி புறப்படுவதால் கால் மணி முன்னால் வந்தால் இடம் நிச்சயம். காரமடையில் ஏறுகிறவர்களுக்கு மாதத்தில் பாதி நாட்கள் நின்றுகொண்டே போக வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாதாரண டிக்கெட் 10 ரூபாய். 2020 மார்ச்சில் நின்ற பாசஞ்சர் வண்டிகள் திரும்ப ஓடத் தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாயாக இருந்தது. 2024 பிப்ரவரி கடைசியில்தான் பழையபடி 10 ஆனது. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் 2.7 மாதக் கட்டணம்தான். இதே தூரத்துக்கு இரு சக்கர வாகனத்தில் போனால் நாளுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் விற்கிற விலையில் மாதம் மூவாயிரத்தைத் தாண்டும், முதுகுவலி தனி. என் கணவர் இரண்டு ஆண்டு அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு இப்போது என்னோடு ரயிலில் வருகிறார்.

சீசன் டிக்கெட் விஷயத்தில் ஒரே எச்சரிக்கை: முடியும் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். தேதி ஒரு நாள் கடந்திருந்தாலும் அது டிக்கெட் இல்லாத பயணம்தான். 250 ரூபாய் அபராதமும் கட்டணமும் கட்ட வேண்டும். ஒருமுறை கட்டியிருக்கிறேன். பரிசோதகர் மரியாதையாகவே பேசினார், தவறு என்னுடையது. முன்பதிவுப் பெட்டிகளில் சீசன் டிக்கெட் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, வீடு எங்கே பார்ப்பது. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். முதல் வீட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஓடந்துறைப் பக்கமாக எடுத்தோம். மொட்டை மாடியில் நின்றால் கல்லாறு மலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மழை விட்ட மறுநாள் காலையில் பாறைகளின் மேல் வெள்ளிக் கோடுகளாகத் தண்ணீர் இறங்குவது தெரியும். மாமியாருக்கு அந்த வீட்டை அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். நடுவில் இருப்பது பாலம். சித்திரை, வைகாசியில் ஊட்டிக்குப் போகிற வண்டிகளும் வருகிற வண்டிகளும் இந்த ஒரே ஊருக்குள்தான் நுழைந்து வெளியேற வேண்டும். சீசன் நெரிசலில் குன்னூர்ச் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரிச் சாலையை இறங்குவதற்கும் என்று பிரித்துவிடுவார்கள். இரண்டும் மேட்டுப்பாளையத்தில்தான் வந்து சேர்கின்றன. நீலகிரிக்குப் போக இ-பாஸ் வேண்டும் என்று 2024 மே மாதம் வந்தது. இருந்தும் விடுமுறை நாள் வந்தால் ஊருக்குள் பத்து நிமிட வழிக்கு முக்கால் மணி ஆகிறது. கோவையிலிருந்து முக்கால் மணியில் வந்து சேர்ந்த நான், நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக இன்னொரு முக்கால் மணி நின்றிருக்கிறேன். பிள்ளை பசியோடு காத்திருப்பான் என்ற நினைப்பில் பாலத்தைக் கால்நடையாகக் கடந்த மாலைகள் எத்தனையோ.

இரண்டு ஆண்டில் அந்த வீட்டை விட்டுவிட்டு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் வேறு வீடு பார்த்தோம். மாடியில் நின்றால் இப்போது தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அதன் இடுக்கில் மலை ஒரு துண்டு. ஆனால் என் மாலை எனக்குத் திரும்பக் கிடைத்தது. புதிதாக வருகிறவர்கள் ஆற்றுக்கு நிலையம் இருக்கும் பக்கத்திலேயே வீடு பாருங்கள். காட்சிக்கு ஞாயிற்றுக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனால் போதும்.

ஊட்டியின் அடிவாரம் என்பதால் இங்கே குளிரும் என்று நினைத்து வருகிறார்கள். அது அப்படியில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கு உள்ளேதான். மலையை நோக்கிப் போகிற வண்டி உண்மையில் இறங்கிக்கொண்டு போகிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவையைக் குளிர்விக்கும்போது இங்கே புழுங்கும். சித்திரையில் மின்விசிறி கொதிகாற்றைத்தான் வீசும். மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் விடியற்காலை மலைக்காற்று வாசல்வரை வந்து போகும். அந்த இரண்டு மாதத்துக்காக மற்ற பத்து மாதத்தையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. எல்லோருக்கும் அப்படித் தோன்ற வேண்டியதில்லை.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே பில்லூர் அணை இருக்கிறது. கோவை நகரம் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அணையின் உயரம் 100 அடி. 97 அடி வந்துவிட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், கரையோரம் எச்சரிக்கை வரும். ஆடிப்பெருக்கு சமயத்தில் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடுவோம். தெளிவாக, அமைதியாக ஓடுகிறதே என்று வெளியூர்க்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஆறு பத்து நிமிடத்தில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இறங்காதீர்கள்.

இனி ரயிலுக்குள். காலையில் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் மலை ரயில்தான். ஏழு பத்துக்கு அது கிளம்பும் நேரத்தில் நீராவி என்ஜின் ஊதும் சத்தம் தெருவரை கேட்கும். அதற்குள் சோறு வடித்திருந்தால் அன்றைய நாள் சரியாக ஓடும். எங்கள் வண்டி எட்டு மணிக்கு மேல். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். வெயில் இடப்பக்கம் அடிக்கும், வலப்பக்கம் பெரியநாயக்கன்பாளையம் வரை குருடிமலைத் தொடர் கூடவே வரும். மாலையில் இதே கணக்கு மாறும். வெயிலுக்குப் பயந்தால் வலப்பக்கம், மலையில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் இடப்பக்கம். நான் இடப்பக்கம்தான்.

காரமடையில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓர் அம்மா கறிவேப்பிலைக் கட்டோடு ஏறுவார். அந்த வட்டாரமே கறிவேப்பிலைக்குப் பேர் போனது. ஈரச் சாக்கில் சுற்றிய கட்டைக் கதவோரம் இறக்கி வைத்து, சாக்கின் வாயை விலக்கி, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்துத் தெளிப்பார். அந்த நொடியில் பெட்டி முழுவதும் மணக்கும். காம்பின் நுனி கறுத்திருக்கிறதா என்று ஒவ்வொரு கொத்தாகத் திருப்பிப் பார்த்து, வாடியதைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார். வடகோவையில் நான் கட்டின் ஒரு முனையைப் பிடித்து இறக்கிக் கொடுப்பேன். “நல்லா இரு அம்மிணி” என்று கையில் ஒரு கொத்தைத் திணிப்பார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். எங்கள் அச்சகத்தில் நான்கு பேர் வீட்டு ரசத்துக்கு அந்தக் கொத்துதான்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். இந்த வண்டியில் தயங்காமல் போகலாம். தினமும் வருகிற முகங்கள்தான். ஆசிரியைகள், மில் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஒரு நாள் வரவில்லை என்றால் மறுநாள் “உடம்புக்கு என்னங்க அக்கா” என்று கேட்பார்கள். என் மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது எந்த மருத்துவமனைக்குப் போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்லி, கூடவே வந்து நின்றதும் இந்தப் பெட்டியில் அறிமுகமான ஒரு செவிலியர்தான். நகரத்தில் ஆறு ஆண்டு இருந்தும் பக்கத்து வீட்டார் பெயர் எனக்குத் தெரியாது.

இப்போது குறையைச் சொல்கிறேன். அச்சகத்தில் முகூர்த்த மாதங்களில் வேலை முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. தை, வைகாசி, ஆவணி என்று வந்துவிட்டால் மறுநாள் காலை ஆயிரம் அழைப்பிதழ் கட்டாகிப் போக வேண்டும். மாப்பிள்ளை பெயரில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அத்தனையும் வீண். ஆறு மணி வாக்கில் புறப்படும் வண்டியை அந்த நாட்களில் மறந்துவிட வேண்டியதுதான். அதற்கடுத்த கடைசி பாசஞ்சரும் போய்விட்டால் மிச்சம் பஸ். மேட்டுப்பாளையம் சாலையில் மேம்பாலங்கள் வந்த பிறகு கவுண்டம்பாளையமும் பெரியநாயக்கன்பாளையமும் முன்பு போல் கழுத்தைப் பிடிப்பதில்லை, அதை மனதாரச் சொல்கிறேன். இருந்தாலும் ஒன்பதரைக்கு ஏறி, நின்றுகொண்டே வந்து, பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும்போது பிள்ளை தூங்கியிருப்பான். அப்படி ஓர் ஆண்டில் நாற்பது ஐம்பது இரவுகள் போகின்றன.

இந்தப் பாதை 1873-இல் போடப்பட்டது. அடிவாரம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மலை ஏறியவர்களுக்கான பாதை அது. மலை ரயில் குன்னூர் வரை வந்ததே 1899-இல்தான். சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் இறக்கிவிட, மலை ரயில் ஏற்றிக்கொள்ளும். இரவு அதே எக்ஸ்பிரஸ் திரும்பிப் போகும். அந்தப் பொருத்தம் அழகானது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று இந்தத் தண்டவாளத்தை நாள் தவறாமல் தேய்ப்பவர்கள் நாங்கள். வடகோவைக்கு வடக்கே இன்னும் ஒற்றைப் பாதைதான். இரவு ஒன்பதரை வாக்கில் கோவையிலிருந்து ஒரு வண்டி இருந்தால் மருத்துவமனை, துணிக்கடை, அச்சகம் என்று தாமதமாக வேலை முடிகிற எத்தனையோ பெண்கள் நிம்மதியாக வீடு வந்து சேர்வார்கள். இது என் ஒருத்தியின் ஆசை இல்லை. பெட்டியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒன்பது பேர் பேசுவது இதைத்தான்.

யாருக்கு இந்த ஊர் ஒத்துவரும் என்றால், ஐந்தரைக்குள் வேலை முடிகிறவர்களுக்கு, வேலையிடம் வடகோவைக்கோ சந்திப்புக்கோ பக்கத்தில் இருப்பவர்களுக்கு யோசிக்காமல் சொல்வேன். அவிநாசி சாலையில் விமான நிலையத்துக்கு அப்பால் வேலை என்றால் வேண்டாம். ரயிலில் மிச்சமாகிற நேரமெல்லாம் நகரத்துக்குள் டவுன் பஸ்ஸில் கரைந்துவிடும்.

போன மாதம் அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கல்யாணமாகி ஆறு மாதம், இங்கே வீடு பார்க்கலாமா அக்கா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதே, ஐப்பசி மழையில் ஒரு வாரம் மாலை வண்டியில் என்னோடு வந்து போ என்றேன். நான்கு நாள் வந்தாள். மூன்றாம் நாள் காரமடை தாண்டியதும் மழை விட்டு, மேகத்துக்குக் கீழே மலை முழுவதும் கருநீலமாகத் திறந்தது. பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு நகர்ந்தாள். நான்காம் நாள் அச்சகத்தில் தாமதமாகி, இருவரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். இன்னும் பதில் சொல்லவில்லை, கணவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாளாம். என் சீசன் டிக்கெட் சென்ற வெள்ளிக்கிழமை முடிந்தது. மறுபடியும் மூன்று மாதத்துக்கு எடுத்திருக்கிறேன்.