ஒருவழிச் சலுகையா, இருவழி ஒப்பந்தமா: நெல்லைச் சீமைச் சரக்குக்கு எது லாபம்?

வளரும் நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரி குறைய இரண்டு வழி உண்டு. பணக்கார நாடு பதிலுக்கு வரிக்குறைப்பு கேட்காமல் தருவது ஒன்று. 1971-ல் ஐரோப்பாவும் 1976-ல் அமெரிக்காவும் தொடங்கிய ஜிஎஸ்பி என்ற பொது வரிச்சலுகைத் திட்டம் அந்த வகை. இரு தரப்பும் பேசி வரியைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று; 2022 மே 1-ல் அமலுக்கு வந்த இந்திய-அமீரக ஒப்பந்தம் அப்படி.

ரெடிமேடுக்குப் பேர்போன புதியம்புத்தூரில் தைத்த பருத்திச் சட்டையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் அதற்கு வழக்கமான வரி 12 சதவீதம். ஜிஎஸ்பியின் சாதாரணச் சலுகை கிடைத்தாலும் 9.6. வங்கதேசச் சட்டைக்கோ பூஜ்யம். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதல் ஆயுதம் தவிர எதற்கும் வரி இல்லை. ஆனால் வங்கதேசத்தைத் தூக்கிவிட்டது வரி மட்டுமல்ல. நெய்த துணிச் சட்டை என்றால் துணியையும் பெரும்பாலும் அங்கேயே நெய்திருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2011-லிருந்து, சீனத் துணியை வாங்கி வெட்டித் தைத்தாலும் சலுகை உண்டு. நெசவாலை போதாத நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் ஆட்கள் வரி சதவீதத்தைப் பார்க்கிற அளவுக்கு இந்த விதியைப் பார்ப்பதில்லை.

துபாயில் கதை தலைகீழ். நம் சட்டைக்கு வரி பூஜ்யம், வங்கதேசச் சட்டைக்கு 5 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். 400 ரூபாய்க்கு இறங்கும் சட்டையில் அது 20 ரூபாய். மொத்த வியாபாரி பேரம் பேசுவதே அந்த இருபதுக்குத்தான்.

சரி, எது நிலைக்கும்? அமெரிக்கா 2019 ஜூன் 5-ல் இந்தியாவை ஜிஎஸ்பியிலிருந்து நீக்கியது. 2020 முடிவில் அந்தத் திட்டமே காலாவதியானது. ஒப்பந்தத்தை அவ்வளவு லேசில் பிடுங்க முடியாது. அதற்கு நாமும் விலை கொடுக்கிறோம்: 2000-ல் இலங்கை ஒப்பந்தம் வந்த பிறகு, அங்கிருந்து வரும் மிளகால் விலை விழுகிறது என்று நம் மிளகு விவசாயிகள் புலம்புவது இன்னும் ஓயவில்லை. இருந்தாலும் சட்டைக்கு என் ஓட்டு ஒப்பந்தத்துக்கே.

நிலாவரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 'டின்னவெல்லி சென்னா' என்று உலக மருந்துச் சந்தையில் நம் ஊர்ப் பெயரிலேயே விற்கும் இலை அது. காய்ந்த மூலிகைக்குப் பல நாடுகளில் வரியே கிடையாது. இல்லாத வரியில் யார் எதைக் குறைக்க? அங்கே சரக்கு திரும்புவது பூச்சிமருந்து எச்சத்தாலும், இலையோடு கலந்துவரும் களையாலும்தான். அந்தச் செலவை அறுவடைக் களத்திலேயே செய்துவிடுவது மேல்.

சட்டை அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்ற சான்றிதழைக் கையோடு வாங்கி அனுப்பாவிட்டால், ஒப்பந்தம் இருந்தும் துபாய் சுங்கத்தில் முழு 5 சதவீதமும் கட்ட வேண்டிவரும்.